பொத்தைப் பூக்களும் அதைத் தின்னும் பூச்சிகளும்: கேள்வி பதில்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பொத்தைகளிலும் (சிறு குன்றுகள்) மேய்ச்சல் புல்வெளிகளிலும் காட்டுப்பூக்களைப் பூச்சி தின்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஆரல்வாய்மொழி: அண்ணே, வேலியோரச் செங்காந்தள் ஒரே வாரத்தில் மொட்டைத் தண்டாப் போச்சு. மருந்து அடிக்கட்டா?

வேண்டாம் தம்பி. கறுத்த உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாப் புள்ளி போட்ட புழுவைப் பார்த்திருப்பீங்க. ஒரு அந்துப்பூச்சியோட புழு அது. கோல்ச்சிசின் என்ற நஞ்சு செடி முழுக்க இருந்தும் அதுக்கு ஒன்றும் ஆகாது. இலை போனாலும் மண்ணுக்குள்ளே கிழங்கு இருக்கு, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். மனசு கேட்கலைன்னா குச்சியால் தட்டி எடுத்துடுங்க.

தோவாளை: கிலுகிலுப்பை நிறையக் காய்ச்சும் அடுத்த வருஷம் செடியே இல்லையே, சார்?

காயை ஆட்டிப் பாருங்க டீச்சர். சத்தம் வரலைன்னா தோலில் குண்டூசித் தலை அளவு ஓட்டை இருக்கான்னு தேடுங்க. பிளந்தால் விதைக்குப் பதிலா எச்சத்தூள்தான் கிடக்கும். வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்பும் புள்ளி வைத்து, பகலிலேயே பறக்குமே, அந்த அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. ஒரு காயை முடித்து அடுத்ததுக்குள் போகும். செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைப்பதால் பறவைகளும் சீண்டாது. இலை தின்பதைவிட இதுக்குத்தான் நான் பயப்படுவேன். கிலுகிலுப்பையில் பல வகை ஒரே பருவத்தோடு செத்துப்போகும், விதை போனால் அங்கே வாரிசே கிடையாது.

பூதப்பாண்டி: கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டு இதழை எல்லாம் தின்னுது. நசுக்கலாமா?

வெறுங்கையால் தொடவே தொடாதீங்க, தோல் கொப்புளிச்சுடும். கொப்புள வண்டுன்னு சொல்வது அதனால்தான். இதழோடு மகரந்தப் பையையும் தின்பதால் அந்தப் பூவால் செடிக்குப் பலனில்லை. ஆனா இதன் குஞ்சுப்புழு மண்ணில் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்னும். வண்டை ஒழிச்சா வெட்டுக்கிளிக்குக் கொண்டாட்டம். புல்வெளியில் நான் அதைத் தொந்தரவு பண்ணுறதில்லை.

குலசேகரம்: ரப்பர் விளை ஓரத்துப் புல்லில் தும்பை முளைச்சதும் காணாமப் போகுது. புழு எதுவும் இல்லை.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆப்பிரிக்க நத்தையாக இருக்கும். விடிஞ்சா காய்ந்த சளிக்கோடு மினுங்கும். ரம்பம் மாதிரியான நாக்கால் சுரண்டித் தின்னும். வளர்ந்த செடி தாங்கிக்கும், ரெண்டு இலை விட்ட நாற்று தாங்காது. 1847-இல் கல்கத்தாவில் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு நம்ம மாவட்டம் வரைக்கும் வந்தாச்சு. நனைச்ச சாக்கின் கீழே பப்பாளி இலை போட்டு வையுங்க. காலையில் கையுறையோடு பொறுக்கி, வாளி உப்புத் தண்ணீரில் போடுங்க. உப்பை மண்ணில் தூவ வேண்டாம், புல்லும் கருகிடும்.

கொட்டாரம்: எருக்கிலையில் வரி போட்ட புழு?

வெந்தய வரியன் பட்டாம்பூச்சியாகும். விட்டுடுங்க.