சின்ன சிப்பில் மெம்காப்பியை நாமே எழுதும்போது எளிய லூப் போதுமா, வேகமாக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்துக்காக கோர்டெக்ஸ்-எம்0 என்ற சின்ன சிப்பில் பூட்லோடர் எழுதுகிறீர்கள், அதாவது சிப் எழுந்ததும் முதலில் ஓடி, புது நிரலை ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்றும் நிரல். மெம்காப்பியை (நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் பைட்களை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன்) ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும் மூன்று வரி லூப்பாக எழுதியிருக்கிறீர்கள். குழுவில் உள்ள நண்பர் நாலு நாலு பைட்டாக நகர்த்தினால்தான் சரி என்கிறார்.

அந்த மூன்று வரியைத் தொடாதீர்கள். கணக்கைப் பார்ப்போம். எம்0-வில் ஒரு பைட்டை எடுத்து, வைத்து, எண்ணி, திரும்பிப் போக சுமார் 9 சைக்கிள், அதாவது சிப்பின் 9 கடிகாரத் துடிப்பு. 48 மெகாஹெர்ட்ஸில் 1,024 பைட்டுக்கு சுமார் 0.2 மில்லிவினாடி. எஸ்டிஎம்32எஃப்0 போன்ற சிப்பில் ஃபிளாஷின் ஒரு பக்கத்தை அழிக்க மட்டும் 20 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். அழிப்பதற்கு நூறு பங்கு நேரம் காத்திருக்கும் நிரலில், நகலெடுக்கும் அந்த ஒரு பங்கைக் குறைத்து என்ன கிடைக்கும்?

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, குளிர்பதனக் கிடங்குகளுக்கான வெப்பநிலைப் பதிவுப் பெட்டி ஒன்றுக்கு நான் நிரல் எழுதினேன். முதல் மாதிரி கோர்டெக்ஸ்-எம்4, அதே குடும்பத்தின் பெரிய சிப். நூலகத்தில் இருப்பதைவிட வேகமாக எழுத வேண்டும் என்று, பாயிண்டரை 32 பிட்டாக மாற்றி நாலு நாலு பைட்டாக நகர்த்தும் மெம்காப்பி ஒன்றை எழுதினேன். அருமையாக ஓடியது. பிறகு விலையைக் குறைக்க, எம்0 போலவே சின்னதான எம்0+ சிப்புக்கு மாறினோம். மேசையில் அதுவும் ஓடியது.

ஜூரோங்கில் ஒரு கிடங்கில் கொண்டுபோய் மாட்டியதும் சில பெட்டிகள் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை ரீசெட் ஆகின. உள்ளே மைனஸ் 20 டிகிரி. குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி, பவர் பகுதியில் கெப்பாசிட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள் ஒரு பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து டிபக்கரில் மாட்டினோம். ஏசி அறையிலும் அது ரீசெட் ஆனது! எங்கள் மூத்த பொறியாளர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டாக்கில் கிடந்த ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தம்பி, இந்த முகவரி எதுல முடியுது பாரு" என்றார். 7.

அப்போதுதான் விளங்கியது. செய்திப் பொட்டலத்தில் முதலில் அறையின் பெயர், அதன் பின்னாலேயே அளவீடுகள். மேசையில் நாங்கள் வைத்த பெயர் 'டெஸ்ட்', ஆங்கிலத்தில் நாலு எழுத்து. அளவீடுகள் நாலால் வகுபடும் முகவரியில் போய் உட்கார்ந்தன. கிடங்கில் அவர்கள் வைத்த பெயர் 'சில்லர்', ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. எம்4 இப்படிக் நாலால் வகுபடாத கோணலான முகவரியிலிருந்து ஒரு சொல்லை (நாலு பைட்) எடுக்கச் சொன்னால் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். எம்0, எம்0+ இரண்டும் கொடுக்காது, நேராக ஹார்ட்ஃபால்ட் (நிரலை அப்படியே நிறுத்திவிடும் பிழை). எம்4-ஐயும் முழுசாக நம்பிவிடக் கூடாது. பல சொற்களை ஒரே மூச்சில் எடுக்கும் கட்டளையைக் கம்பைலர் போட்டுவிட்டால் அதுவும் விழும். பைட் பாயிண்டரை 32 பிட் பாயிண்டராக மாற்றுவதே பல இடங்களில் சி மொழி விதிக்குப் புறம்பானது.

என் நிரலை எடுத்துவிட்டு பைட் லூப்பைப் போட்டோம். பெட்டிகள் நின்றபாடில்லாமல் ஓடின. அன்று போட்ட கணக்கு இன்னும் நினைவிருக்கிறது: 48 பைட் நகர்த்த சுமார் 8 மைக்ரோவினாடி. அதே 48 பைட்டை 115,200 வேகத்தில் சீரியல் கம்பியில் அனுப்ப சுமார் 4.2 மில்லிவினாடி, ஐந்நூறு மடங்கு. அதுவும் நிமிடத்துக்கு ஒரு தடவைதான்.

பெரிய இடங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2010-ல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பு வந்தபோது பலருக்கு அடோபி ஃபிளாஷ் பிளேயரில் ஓடும் வீடியோவில் ஒலி கரகரத்தது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் மெம்காப்பியை வேகப்படுத்தியிருந்தார்கள், சில சிப்களில் அது பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்தது. ஃபிளாஷ் பிளேயரோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களுக்கும் மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது. அதற்கு மெம்மூவ் என்ற இன்னொரு ஃபங்ஷன்தான் சரி, அதனால் விதிப்படி தவறு ஃபிளாஷ் பிளேயர் பக்கம். ஆனாலும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விவாதத்தில் இறங்கி, பயனர்களுக்கு உடைந்து போனதைப் பற்றித்தான் பேசினார். கடைசியில் பழைய நிரல்களுக்கு மெம்மூவ் போல நடக்கும் வடிவத்தையே ஜிலிப்சி விட்டுவைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்டெல் பக்கம் இருக்கிறது. பைட் வரிசையை நகர்த்தும் ஒற்றைக் கட்டளை 1978-ல் வந்த 8086-லேயே உண்டு. நடுவில் பல வருடம் அது மெதுவானது என்று ஒதுக்கிவிட்டு, பக்கம் பக்கமாக அசெம்பிளி எழுதினார்கள். 2012-ல் ஐவி பிரிட்ஜ் என்ற இன்டெல் சிப் வரிசை வந்தபோது சிப்புக்குள்ளேயே அதை வேகப்படுத்திவிட்டார்கள். பெரிய நகல்களுக்கு அந்த ஒற்றைக் கட்டளை மறுபடியும் நல்ல தேர்வாகிவிட்டது.

அதற்காக எப்போதும் பைட் லூப்தான் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு சாதனத்தில் 320க்கு 240 திரை, புள்ளிக்கு 2 பைட், ஒரு முழுப் படத்துக்கு 153,600 பைட். அங்கே பைட் லூப்பைப் போட்டபோது திரை மேலிருந்து கீழே இழுபடுவதைக் கண்ணாலேயே பார்த்தோம். அந்த ஒரு இடத்தை மட்டும் டிஎம்ஏ-வுக்கு (செயலியைத் தொந்தரவு செய்யாமல் தானே நகலெடுக்கும் சிப்பின் பகுதி) மாற்றினோம். படம் தங்கும் இடையகம் (பஃபர்) நாலால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்று நிரலிலேயே ஒரு சோதனை வைத்தோம், மீறினால் பில்ட் ஆகாது.

உங்கள் நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சின்ன சிப்களுக்காகவே வரும் நியூலிப்-நானோ நூலகத்தில் உள்ள பொதுவான மெம்காப்பியும் பைட் லூப்தான், அளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அப்புறம், நீங்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. ஆப்டிமைசேஷனை ஏற்றினால் ஜிசிசி கம்பைலர் உங்கள் லூப்பைப் பார்த்து 'இது மெம்காப்பி ஆச்சே' என்று கண்டுபிடித்து, அங்கே மெம்காப்பியை அழைக்கும் வரியைப் போட்டுவிடும். அந்த லூப் இருப்பதே மெம்காப்பிக்குள் என்றால், சில பதிப்புகளில் அது தன்னையே அழைத்து அழைத்து ஸ்டாக்கைத் தின்றுவிடும். அந்தக் கோப்புக்கு மட்டும் 'நோ ட்ரீ லூப் டிஸ்ட்ரிப்யூட் பேட்டர்ன்ஸ்' என்ற தேர்வைக் கொடுங்கள். பில்ட் முடிந்ததும் அசெம்பிளியைத் திறந்து பாருங்கள். அந்த ஃபங்ஷனுக்குள் பிஎல், அதாவது இன்னொரு ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை, ஒன்றுகூட இருக்கக் கூடாது.