தும்பிகளைப் பார்க்க விரும்புவோருக்குத் திருகோணமலையில் துணை எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் தம்பலகாமத்தில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. வயல் வரம்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் காணும் தும்பிகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வருகிறேன். அவற்றின் பெயர்களை அறிய எந்த நூல்களைப் பார்க்கலாம்? இத்துறையில் ஆர்வமுள்ளவர்களை எங்கே சந்திக்கலாம்? எல்லாச் சங்கங்களும் கொழும்பில்தான் இருக்கின்றன என்று சொல்கிறார்களே.

பதில்: சங்கங்களின் தலைமையகங்கள் கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருப்பது உண்மைதான். ஆனால் தும்பிகள் உங்கள் வரம்பில் இருக்கின்றன. தும்பி ஆர்வலர்களில் பெரும்பாலோர் ஈரவலயத்தின் காட்டோடைகளையும் மலைநாட்டையும் நாடிச் செல்வதால், கிழக்கின் குளங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் கிடைக்கும் பதிவுகள் ஒப்பீட்டளவில் குறைவு. ஆகவே உதவி பெற வேண்டியவராக மட்டுமன்றி, கொடுப்பதற்கு ஒன்றை வைத்திருப்பவராகவும் நீங்கள் இந்த வட்டத்துக்குள் நுழையலாம்.

முதலில் நூல்கள். இலங்கையில் 120க்கும் மேற்பட்ட தும்பி இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி வேறெங்கும் இல்லாதவை. அந்த அரிய இனங்களில் பெரும்பாலானவை ஈரவலயத்துக்கு உரியவை என்பதால் தம்பலகாமத்தில் அவற்றைத் தேடி ஏமாற வேண்டியதில்லை. உசாத்துணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. 2000 ஆம் ஆண்டில் டெரன்ஸ் டி பொன்சேகா இலங்கைத் தும்பிகளைப் பற்றி எழுதிய நூலும், 2014 இல் பெஜானிச் முதலிய நால்வர் பரம்பல் வரைபடங்களுடன் வெளியிட்ட ஆய்வு நூலும் முக்கியமானவை. பிரேசர் என்ற பூச்சியியலாளர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய பழைய நூல் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அது நுண்விவரங்களுக்கு உதவுமேயன்றித் தொடக்கநிலையில் உங்களைக் களைப்படையச் செய்துவிடும். என்னைக் கேட்டால், ‘ஒடோனேட்டா ஆப் இந்தியா’ என்ற இணையதளத்தின் படங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நம் உலர்வலயத்தின் சாதாரணத் தும்பிகளில் மிகப் பல தென்னிந்தியாவிலும் வாழ்பவை.

நூலை விட அவசரமானது, படம் எடுக்கும் முறை. ஒரே தும்பியைப் பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, வால் நுனி தெளிவாகத் தெரியும்படி ஒன்று என மூன்று படங்களாவது எடுத்தால், பெயர் சொல்பவருக்கு வேலை பாதியாகிவிடும். உங்கள் வயலிலேயே இதைப் பழகலாம். வெளிறிய பச்சை உடலில் கறுப்புக் கோடுகளும், வயிற்றுப் பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு வீக்கமும், நடுவில் மெலிவும் கொண்டு, வேறு தும்பிகளையே பிடித்துத் தின்னும் ஒன்றைக் கண்டால் அது ஓர்தெட்ரம் சபினா. நெற்பயிரின் இடையே தாழ்வாக, பட்டாம்பூச்சியைப் போலப் படபடத்துப் பறக்கும் சிறியது நியூரோதெமிஸ் துல்லியா. அதன் ஆணின் சிறகில் அடிப்பாதி கறுப்பாகவும், அடுத்து ஒரு வெள்ளைப் பட்டையும், நுனி கண்ணாடியாகவும் இருக்கும். பெண் மஞ்சளும் பழுப்புமாக வேறோர் இனம் போலவே தோன்றும். இரண்டையும் தனித்தனி இனங்களாகக் குறித்துவைக்காதவர் அரிது. அதனால்தான் பெயர் தெரிந்த ஒருவரின் கண் உங்களுக்குத் தேவைப்படுகிறது.

அந்தக் கண் இன்று கைத்தொலைபேசிக்குள்ளேயே கிடைக்கிறது. ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்ற செயலியில் படத்தைத் திகதியோடும் இடத்தோடும் பதிவேற்றினால், உலகின் பல பாகங்களிலுள்ள தும்பி அறிஞர்கள் அதைப் பார்த்துப் பெயரை உறுதிப்படுத்துவார்கள். உறுதியான பதிவுகள் பெரும்பாலும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உலகப் பொதுத் தரவுத்தளம் வரை சென்று சேர்கின்றன. திருகோணமலை மாவட்டத்தை வரைபடத்தில் தெரிவு செய்து பார்த்தால், உங்களுக்கு முன்பே அங்கே பதிவிட்டவர்கள் யாரென்பதும் தெரியும். அவர்களுக்கு அந்தச் செயலியிலேயே ஒரு செய்தி அனுப்புங்கள். அறிமுகமற்றவர்களுக்கு எழுதுவதா என்று தயங்க வேண்டாம், இந்தத் துறையில் பழக்கங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன.

சங்கங்களைப் பொறுத்தவரை, தும்பிக்கென்றே கிழக்கில் ஓர் அமைப்பைத் தேடி நாட்களைக் கழிப்பதை விட, பறவை பார்ப்பவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. பறவைக்காகக் குளக்கட்டில் நிற்பவரின் காலடியில்தான் தும்பியும் இருக்கிறது. 1976 இல் தொடங்கி, கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைத் தளமாகக் கொண்டு இயங்கும் கள பறவையியல் குழுவும், 1894 இல் தோன்றிய வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் நாடெங்கும் உறுப்பினர்களைக் கொண்டவை. உங்கள் மாவட்டத்தில் உள்ள உறுப்பினர்களோடு தொடர்பு ஏற்படுத்தித் தருமாறு கேட்டு எழுதுங்கள். ஆசியாவெங்கும் சனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அந்தக் காலத்தில் கந்தளாய்க் குளத்துக்கோ நிலாவெளிப் பக்கத்துக் களப்புகளுக்கோ வருபவர்களைச் சந்திக்க முடிந்தால் அதை விட நல்ல அறிமுகம் வேண்டியதில்லை.

நீங்கள் ஆசிரியை என்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை பாடசாலைகளில் நடத்தும் சுற்றாடல் முன்னோடி நிகழ்ச்சித்திட்டத்துக்குள் தும்பிக் கணக்கெடுப்பு அழகாகப் பொருந்தும். அதிபரின் அனுமதியுடன், பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் பேசிப் பாருங்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கும் ஒரு கடிதம் எழுதலாம். மாணவர்களோடு குளக்கட்டில் எப்போதும் ஒரே தூரத்தை, வெயில் ஏறிய காலை வேளையில் நடந்து, கண்ட இனத்தையும் எண்ணிக்கையையும் வானிலையையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால், பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே வயல் காய்கையில் எவை மறைகின்றன, நீர் திறந்ததும் எவை முதலில் வருகின்றன என்பது புலப்படும். நூல்களில் தேடினாலும் உங்கள் வயலுக்கான இந்த விடை கிடைக்காது. தண்ணீரில் குடம்பி வளர்த்துக் காட்டும் எண்ணமிருந்தால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிவிடுங்கள். 2017 இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை நம் மாவட்டம் மறக்கவில்லை. தும்பிக் குடம்பிகள் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்றாலும், தேங்கிய நீரை வைத்திருக்க அது மட்டும் போதிய நியாயமாகாது.

கேள்வி: உப்புவெளியில் ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில் விளையாட்டு மைதானத்தின் மேல் மஞ்சள் நிறத் தும்பிகள் கூட்டமாகப் பறக்கின்றன. எங்கிருந்து வருகின்றன? இதை யாரிடமாவது அறிவிக்க வேண்டுமா? – உயர்தர மாணவர்

பதில்: அவை பாண்டாலா ஃபிளேவெசன்ஸ் என்ற இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்சிறகின் அடி அகன்றிருக்கும். பகலில் உட்காருவதே அபூர்வம், உட்கார்ந்தால் கொப்பிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். இவற்றைக் கொண்டு உறுதிப்படுத்துங்கள். மாலைதீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் அண்டர்சன், நன்னீர் நிலைகள் மிக அரிதான அந்தத் தீவுகளில் ஒக்டோபர் தொடக்கம் இத்தும்பிகள் திரளாக வந்திறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தார். அவை இந்தியாவிலிருந்து காற்றோடு புறப்பட்டு இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்காபிரிக்காவை நோக்கிச் செல்கின்றன என்று 2009 இல் அவர் எழுதினார். மாலைதீவில் பிடிபட்டவற்றின் சிறகுகளிலுள்ள ஐதரசன் சமதானிகளை (பிறந்த இடத்து நீரின் அடையாளத்தைக் காட்டும் ஐதரசன் அணு வகைகளை) 2012 இல் ஆராய்ந்தபோது, அவை வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்ற முடிவு கிடைத்தது. தேங்கிய மழைநீரில் சில வாரங்களிலேயே முட்டையிலிருந்து முழுத் தும்பியாகிவிடும் இயல்புதான் மழையைத் தொடர்ந்து செல்லும் இந்த வாழ்வைச் சாத்தியமாக்குகிறது.

உங்கள் மைதானத்துக்கு வருபவை கடல் கடந்தவையா, அயலில் பிறந்தவையா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆகவே கட்டாயம் அறிவியுங்கள். கூட்டம் முதன்முதலாகத் தென்பட்ட திகதி, காற்று வீசிய திசை, அவை பறந்து சென்ற திசை, ஏறக்குறைய எத்தனை என்பவற்றை மேலே சொன்ன செயலியில் படத்தோடு சேர்த்து எழுதுங்கள். வேறு ஊர் நண்பர்கள் சிலரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் இதைச் செய்தால், குச்சவெளியிலும் வெருகலிலும் அதே கூட்டம் எந்த நாளில் தெரிந்தது என்று ஒப்பிட முடியும்.

கேள்வி: என் பத்து வயது மகன் தும்பிகளைப் பிடித்து ஊசி குத்திச் சேகரிக்க விரும்புகிறான். அனுமதிக்கலாமா? – ஒரு தாய், மூதூர்

பதில்: வேண்டாம் அம்மா. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இருக்கையில், அனுமதிப்பத்திரம் இல்லாமல் சேகரிப்பது சிக்கலில் முடியலாம், சரணாலயங்களுக்குள் அது குற்றம். தும்பி வெளியேறியபின் நாணலிலும் குளக்கட்டுக் கற்களிலும் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோலுறைகளை அவனுக்குக் காட்டுங்கள். அந்த இடத்தில் ஓர் இனம் உண்மையிலேயே பிறந்து வளர்கிறது என்பதற்கு அதை விட நல்ல சான்று இல்லை. அவற்றைப் படமெடுத்து, திகதியும் இடமும் எழுதி வைக்கட்டும். கிட்டத்தில் குவியக்கூடிய எட்டு மடங்குத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுக்க முடிந்தால் பிடிக்கும் ஆசை தானாகக் குறையும். முதலை உள்ள குளங்களிலும் யானை நடமாடும் பக்கங்களிலும் அவனைத் தனியே விட வேண்டாம். கடற்படைப் பகுதிகளின் அருகே முன் அனுமதியின்றிப் படமெடுக்கவும் வேண்டாம்.