படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) எஃப்.எம். இரைச்சலாக வருகிறது, என்ன செய்யலாம்?

முதலில் பூஸ்டர் (அலையைப் பெருக்கும் கருவி) வாங்கிவிடாதீர்கள். அது வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தேவைப்படுவது உயரமும் சரியான அளவுள்ள அன்ரனாவும்தான். தகரக் கூரை வீட்டுக்குள் ரேடியோவின் கம்பியை எப்படித் திருப்பினாலும் பெரிய பயன் இருக்காது.

கேட்கும் நிலையத்தின் மெகாஹேர்ட்ஸ் எண்ணால் 142.5ஐ வகுங்கள், வருவது மீற்றரில் முழு நீளம். 100 என்றால் 1.43 மீற்றர். ஆகவே 71 சென்ரிமீற்றரில் இரண்டு அலுமினியக் குழாய்கள். அவை ஒன்றோடொன்று முட்டாதபடி, ஒரே நேர்கோட்டில், 2 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு பிளாஸ்டிக் துண்டில் பொருத்துங்கள். 75 ஓம் ரீவி கேபிளின் நடுக்கம்பி ஒன்றுக்கு, அதைச் சுற்றியுள்ள கம்பி வலை மற்றதற்கு. மூங்கிலில் கட்டி, கூரைக்கு மேல் குறைந்தது 3 மீற்றர் உயர்த்துங்கள். மலைநாட்டுக் கோபுர நிலையங்களுக்கு குழாய்களின் அகலப்பக்கம் (முனையல்ல) தென்மேற்கைப் பார்க்கவேண்டும். கிடையாக வைத்தும் நிமிர்த்தி வைத்தும் கேட்டுப் பாருங்கள். நிலையத்துக்கு நிலையம் வித்தியாசப்படும்.

ரேடியோவில் கேபிள் துளை இல்லையென்றால், நடுக்கம்பியை மடக்கிய ரேடியோக் கம்பியிலும், வலையைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் கவ்வவிடுங்கள். பலர் வலையை விட்டுவிடுகிறார்கள். பாதிப் பலன் அங்கேயே போய்விடும்.

உப்புக்காற்று படும் கல்லடி, கல்முனைப் பக்கம் இணைப்பில் சில மாதங்களிலேயே பச்சை பிடிக்கும். கட்டாயம் சிலிக்கன் பூசுங்கள். மத்திய அலையில் (MW) ஒரே சீராக ‘டிக், டிக்’ என்று கேட்டால் யானை வேலியை (யானைகளைத் தடுக்கும் மின்வேலி) சந்தேகியுங்கள்: கம்பியில் செடி முட்டும் இடத்தில் பொறி பறக்கும், வேலியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை வெட்டினால் அடங்கும். இடி முழங்கத் தொடங்குமுன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்; முழங்கும்போது அதைத் தொடாதீர்கள்.