முழுத் தொகுப்பு வாங்கலாமா? ஜேசன், ஃப்ரெடி, மைக்கேல் மையர்ஸ் படங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' என்ற அமெரிக்கத் திகில் பட வரிசையின் பன்னிரண்டு படங்களும் அடங்கிய ப்ளூ-ரே தொகுப்பை வாங்க எண்ணுகிறேன். 1980இல் வந்த முதல் படத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். மொத்த வரிசையும் ஒரே கதையாகத் தொடர்கிறதா? கொடுக்கும் விலைக்கு எல்லாப் படங்களும் தகுமா?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஒரே கதையாகத் தொடரவில்லை. சிறு சிறு தொடர்களாகப் பிரிந்து கிடக்கும் படங்களை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள் என்பதால், எந்தெந்த இடத்தில் கதை அறுபடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முதல் படத்தில் கொலை செய்பவர், இவ்வரிசையின் பெயர்பெற்ற கொலைகாரனான ஜேசன் அல்ல; அவனுடைய தாய் பமேலா. ஜேசன் கொலைகாரனாக வருவது 1981இல் வெளியான இரண்டாம் படத்தில்தான். அதிலிருந்து 1984இல் வந்த நான்காம் படம் வரை கதை அடுத்தடுத்த சில நாட்களுக்குள் நடந்து முடிகிறது. தொடர்ச்சியும் கவனமாகப் பேணப்பட்டிருக்கிறது. மூன்றாம் படத்தில்தான் ஜேசன் முதன்முதலாக ஹாக்கி முகமூடியை அணிகிறான். அப்படத்தின் இறுதியில் முகமூடியின் நெற்றியில் விழும் கோடரி வெட்டு, நான்காம் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. இத்தகைய அக்கறை பின்னால் வந்த படங்களில் குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நான்காம் படத்தை 'இறுதி அத்தியாயம்' என்று விளம்பரப்படுத்திவிட்டு, மறு ஆண்டே ஐந்தாம் படத்தை வெளியிட்டார்கள். அதில் முகமூடிக்குள் இருப்பவன் ஜேசனே அல்ல. நான்காம் படத்தில் ஜேசனைக் கொன்ற சிறுவன் டாமி ஜார்விஸ், இப்போது முகமூடியணிந்து அடுத்த கொலைகாரனாக மாறக்கூடும் என்ற குறிப்போடு அது முடிகிறது. 1986இல் வந்த ஆறாம் படமோ அந்த முடிவை முற்றிலும் கைவிட்டு, மின்னல் தாக்கி ஜேசன் கல்லறையிலிருந்து எழுவதாகத் தொடங்குகிறது. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றிலும் டாமியே மையப் பாத்திரம் என்றாலும் மூன்று வெவ்வேறு நடிகர்கள் அவ்வேடத்தில் நடித்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, வரிசையிலேயே மிகச் செம்மையாக எடுக்கப்பட்ட படம் ஆறாவது என்றே கருதுகிறேன். ஏழாம் படம் தணிக்கையில் கடுமையாக வெட்டப்பட்டது. வெட்டுண்ட காட்சிகள் தரம் குறைந்த வீடியோ நாடாப் பிரதியில் மட்டுமே எஞ்சியிருப்பதால், எந்தத் தொகுப்பை வாங்கினாலும் அவற்றை முழுத் தெளிவுடன் பார்க்க இயலாது.

மிகப் பெரிய முறிவு எட்டாம் படத்துக்கும் ஒன்பதாம் படத்துக்கும் இடையில் இருக்கிறது. 1989இல் வந்த எட்டாம் படத்தின் இறுதியில், நியூயார்க் கழிவுநீர்ச் சுரங்கத்தில் பெருகிவரும் நச்சுக்கழிவில் ஜேசன் உருகிச் சிறுவனாகக் கிடக்கிறான். 1993இல் வந்த ஒன்பதாம் படத்தில் எந்த விளக்கமும் இல்லாமல் பழைய உருவத்தோடு நடமாடுகிறான். இடையில் படங்கள் பாரமவுண்ட் நிறுவனத்திடமிருந்து நியூ லைன் நிறுவனத்துக்குக் கைமாறின. பாத்திரம் கிடைத்ததே தவிர, தலைப்புக்கான உரிமை நியூ லைனுக்குக் கிடைக்கவில்லை. ஆகவேதான் ஒன்பதாம், பத்தாம் படங்களின் பெயரில் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' என்ற சொற்கள் இல்லை. பாரமவுண்ட் வெளியிட்ட எட்டுப் படத் தொகுப்பு எட்டோடு நின்றுவிடுவதற்கும் இந்த உரிமைப் பிரிவினையே காரணம்.

கதைக்காக வாங்குகிறீர்கள் என்றால் அந்த எட்டுப் படத் தொகுப்பே போதும். 2455ஆம் ஆண்டில் விண்கலத்தில் நடக்கும் பத்தாம் படத்தையும், 2009இல் கதையைப் புதிதாகத் தொடங்கிய மறு ஆக்கத்தையும் பார்க்காததால் முந்தைய கதையில் எதுவும் விட்டுப்போகாது. படம் உருவான விதம், விளக்க உரைகள், கூடுதல் காட்சிகள் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் மட்டுமே, 2020இல் ஸ்க்ரீம் ஃபேக்டரி வெளியிட்ட 16 டிஸ்க் தொகுப்புக்குச் செலவிடுங்கள். அது ரீஜன் ஏ டிஸ்க் (ரீஜன் என்பது எந்த நாடுகளின் பிளேயர்களில் டிஸ்க் ஓடும் என்பதைக் காட்டும் குறியீடு). சிங்கப்பூரும் அதே ரீஜனில் இருப்பதால் உங்கள் பிளேயரில் ஓடும்.

கேள்வி: மற்றப் படங்களைப் பார்க்காமல் 'ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்' படத்தை மட்டும் வாங்கினால் புரியுமா? அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாமா?
வாசகர், சென்னை

பதில்: தாராளமாகப் புரியும். 2003இல் ரோனி யூ இயக்கிய இப்படம், எல்ம் தெருப் பிள்ளைகள் தன்னை மறந்துவிட்டதால் வலுவிழந்த, கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி, அவர்களிடம் மீண்டும் அச்சத்தை விதைக்க ஜேசனை எழுப்பி அனுப்புகிறான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. 1984இல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' முதல் படத்தை முன்னதாகப் பார்த்திருந்தால் சுவை கூடும்.

தொடர்ச்சியில் ஒரு பெரிய குறை உண்டு. சிறுவயதில் ஏரியில் மூழ்கியதால் ஜேசனுக்குத் தண்ணீரென்றால் அச்சம் என்று இப்படம் சொல்கிறது. ஆறாம் படத்திலோ, படகில் இருக்கும் டாமியைப் பிடிக்க ஏரிக்குள் தானே இறங்கி வருகிறான். தொடக்கம் முதல் பின்பற்றுகிறவர்களுக்கு இது உறுத்தும். நான்கு படங்களில் ஜேசனாக நடித்த கேன் ஹாடரை இதில் மாற்றியதும் ரசிகர்களுக்கு ஏமாற்றமாயிற்று. ஆனால் ஃப்ரெடியாக ராபர்ட் இங்லண்டே நடித்திருக்கிறார்; இருவரும் மோதும் காட்சிகள் எதிர்பார்ப்பைக் காப்பாற்றுகின்றன. இரு வரிசைகளின் பாத்திரங்கள் சந்திக்கும் கிராஸ்ஓவர் படம் ஒன்றில் இந்த மோதலே முதன்மையானது என்பதால் வாங்கத் தகுந்த படம் என்பேன்.

ரீஜன் விஷயத்தில் கவனம் தேவை. ப்ளூ-ரே டிஸ்க்குகளுக்கு அமெரிக்கா ரீஜன் ஏ, இந்தியா ரீஜன் சி. டிஸ்க் 'ஏ' என்று பூட்டப்பட்டிருந்தால் இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. எல்லா ரீஜனுக்கும் பொதுவானதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு கிடையாது. ஆனால் கூடவே வரும் ப்ளூ-ரே டிஸ்க்குக்கு இருக்கலாம்.

கேள்வி: 'ஹாலோவீன்' படங்களை எந்த வரிசையில் வாங்குவது?
வாசகர், கொழும்பு

பதில்: 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த முதல் படத்தை வாங்கிவிட்டு, அதன்பின் ஒரு பாதையை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். நாயகி லாரி, முகமூடிக் கொலைகாரன் மைக்கேலின் தங்கை என்பது 1981இல் வந்த இரண்டாம் படத்தில்தான் சேர்க்கப்பட்டது. 1998இல் வந்த படம் அந்த உறவை வைத்துக்கொண்டு, நான்கு முதல் ஆறு வரையிலான படங்களைக் கணக்கில் கொள்ளவில்லை. 2018இல் வந்த படம் முதல் படத்தைத் தவிர மற்ற அனைத்தையும், அந்த உறவையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. 1982இல் வந்த மூன்றாம் படத்தின் கதையில் மைக்கேல் இல்லவே இல்லை.

எனக்குப் பிடித்த பாதை 1978, 1981, 1998 ஆகிய மூன்று படங்களோடு முடிகிறது. லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் மூன்றிலும் இருக்கிறார்; 1998இன் முடிவு கதைக்கு நிறைவு தருகிறது. 2002இல் வந்த அடுத்த படம் அந்த முடிவையே கெடுப்பதால் அதற்குப் பணம் செலவிட வேண்டாம். 2014இல் வந்த தொகுப்பின் பெயரில் 'முழுமையான' என்ற சொல் இருந்தாலும் அதில் பத்துப் படங்களே உண்டு. 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றையும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.