வெங்காயச் சருகா, எம்.எஸ். ப்ளூவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துணி, சாயம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு 34 வயது. மும்பை செம்பூரில் வீடு, பாந்த்ரா-குர்லா வளாகத்தில் வேலை. மாநிறம். ‘உனக்கு டார்க் எடுக்காது, லைட்டா வாங்கு’ என்று அம்மா சொல்லிச் சொல்லியே அலமாரி முழுக்க வெளிர் நிறங்கள். போன மாதம் ஒரு மாலில் மின்ட் பச்சைக் குர்தா போட்டுப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் இரண்டு நாள் தூங்காதவள் மாதிரி முகம். மணிக்கட்டு நரம்பைப் பார்த்தால் தோலின் சாயல் வார்மா (மஞ்சள் பக்கம்) கூலா (நீலப் பக்கம்) என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்கோ ட்யூப்லைட்டில் பச்சையாகவும் ஜன்னலோரத்தில் நீலமாகவும் தெரிகிறது. ஒரு செயலியில் படம் ஏற்றினேன். முதல் நாள் ‘இலையுதிர்காலம்’ என்றது, மறுநாள் வேறு சட்டையில் ஏற்றியதற்குப் ‘பனிக்காலம்’ என்றது. தையில் தங்கைக்குக் கல்யாணம். மாட்டுங்காவில் இரண்டு பட்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று எம்.எஸ். ப்ளூ, மாம்பழ மஞ்சள் கரை. இன்னொன்று வெங்காயச் சருகு நிறம், அரக்குக் கரை. எதை எடுப்பது?

எஸ்.வி., செம்பூர்

அன்புள்ள எஸ்.வி.,

நரம்பையும் செயலியையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். நரம்பு என்ன நிறத்தில் தெரியும் என்பது அது எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது, மேல்தோலில் மெலனின் என்ற நிறமி எவ்வளவு, அந்த நேரத்தில் விழும் வெளிச்சம் எது என்பதையெல்லாம் பொறுத்தது. மாநிறத் தோலில் பச்சை கலந்து தெரிவது சாதாரணம், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. செயலியின் குழப்பத்துக்குக் காரணம் ஃபோன் கேமரா. படத்தில் எது வெள்ளை என்று அதுவே ஊகித்து எல்லா நிறத்தையும் நகர்த்திவிடும். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் அதைச் சமன்செய்யப் படத்தையே நீலத்தின் பக்கம் தள்ளும், முகமும் கூடவே போகும். சட்டை மாறியது, பருவமும் மாறியது. முன்பக்கக் கேமராவில் முகத்தை வெளுக்க வைக்கும் வேலை வேறு நடக்கும்.

அந்தப் பருவக் கணக்கு 1980களில் அமெரிக்காவில் பரவியது. தோல், முடி, கண் மூன்றையும் பார்த்து ஆளை நான்கு பருவங்களில் ஒன்றில் உட்கார வைக்கும். பொன்முடி, செம்முடி, நீலக்கண், சாம்பல்கண் என்று ஆளுக்கு ஆள் மாறும் ஊரில் அதற்குப் பயன் உண்டு. நமக்கு முடி கறுப்பு, கண் கரும்பழுப்பு. மூன்று கேள்வியில் இரண்டுக்கு எல்லோரும் ஒரே பதில் எழுதினால் எப்படித் தரம் பிரிப்பது? இலையுதிர்காலத்திலோ பனிக்காலத்திலோதான் நம்மில் பெரும்பாலோர் போய் விழுவோம். மும்பையில் அந்த இரண்டு காலமுமே கிடையாது என்பது வேறு விஷயம்.

‘மாநிறம்’ என்ற சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. அது ஆழத்தைச் சொல்கிறது, அடியில் ஓடும் சாயலைச் சொல்வதில்லை. மாநிறத்தில் மூன்று பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் ஒருத்திக்குப் பொன் சாயல் இருக்கும், ஒருத்திக்குச் செம்புச் சாயல், மூன்றாமவளுக்கு லேசாக ஆலிவ் பச்சை. வெயிலில் கறுத்தால் ஆழம் கூடுமே தவிர சாயல் பெரிதாக மாறாது. அதனால் முன்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் அதிகம் படாத தாடை அடி, கழுத்துப் பக்கம்தான் சரியான இடம்.

இப்போது குர்தா. உடை மாற்றும் அறையில் பெரும்பாலும் 3000 கெல்வின் என்ற ஒளிநிற அளவில் மஞ்சள் சாய்ந்த எல்.இ.டி. எரியும். அந்த ஒளி முகத்துக்குச் சூடேற்றும், கருவளையத்தை மழுப்பும். உங்கள் வீட்டு ட்யூப்லைட் 6500 கெல்வின் வகை, நீலம் சாய்ந்தது. நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் உண்டு, பெட்டியில் அது 80 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கிலேயே சேராது. தோலுக்கு உயிர் கொடுப்பதே உள்ளே ஓடும் ரத்தச் சிவப்பு. சிவப்பைச் சரியாகக் காட்டாத விளக்கின் கீழே மாநிறம் சாம்பல் பூத்துவிடும்.

விளக்கு மட்டும் காரணமில்லை, துணியும் வேலை செய்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றிக் காட்டும் என்று 1839இல் அவர் விரிவாக எழுதினார். பச்சைக்கு எதிர் சிவப்பு. கண்ணடியிலும் வாயோரத்திலும் இருக்கும் பழுப்பை மின்ட் பச்சை செவ்வூதாவாகக் காட்டுகிறது, அதுதான் உங்கள் ‘தூங்காத முகம்’. இதற்கு எதிர்த்திசையில் இன்னொன்றும் நடக்கிறது. துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடைக்கடியில் நிஜமாகவே அந்த நிறத்தைப் பூசும். இரண்டில் எது ஜெயிக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட முடியாது. துணியைக் கழுத்தடியில் வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. நவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துண்டுகள் வீட்டில் எங்காவது ஒரு பையில் தூங்கிக்கொண்டிருக்கும். தைக்கவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மாட்டோம், அவற்றுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது. அதில் இல்லாத நிறங்களை மட்டும் ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டரில் டூ பை டூ ரூபியா என்ற பருத்தியில் கால் மீட்டராக வெட்டச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை கேட்டால் முறைப்பார்கள், வார நாளில் மதியம் போங்கள். அகலம் சுமார் 90 செ.மீ. இருக்கும், இரண்டு தோளையும் மூட அது போதும். எல்லாம் ஒரே ரகப் பருத்தியாக இருப்பது முக்கியம். ஒன்று பட்டு, ஒன்று பருத்தி என்று வைத்தால் நீங்கள் பார்ப்பது நிறத்தையா மினுமினுப்பையா என்றே தெரியாது.

துண்டுகளை ஜோடியாகச் சேருங்கள். சாயலைப் பார்க்க, தக்காளிச் சிவப்பும் மாதுளை முத்துச் சிவப்பும், மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும், ஹாஃப் ஒயிட்டும் பால் வெள்ளையும். தெளிவைப் பார்க்க, ராணி பிங்க்கும் அதே நிறத்தில் சாம்பல் கலந்த பழைய ரோஜாவும், கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும். ஆழத்தைப் பார்க்க ஒரே நீலத்தில் மூன்று: வானம், ராயல், நேவி. சாயல், தெளிவு, ஆழம் என்ற மூன்றில் எல்லோரும் சாயலோடு நின்றுவிடுகிறார்கள். நம் தோலுக்கு அதிகம் வித்தியாசம் காட்டுவது இரண்டாவதுதான், நிறம் தெளிவாக இருக்கிறதா, சாம்பல் கலந்து மங்கியிருக்கிறதா என்பது.

காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், நேர்வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. எதிர்க் கட்டிடம் பத்தடியில் நின்று, அதன் சுவரில் மஞ்சளோ பச்சையோ அடித்திருந்தால் உங்கள் வீட்டுக்குள் வருவதும் அந்த நிற வெளிச்சம்தான். அப்படியானால் மொட்டைமாடி நிழலுக்குப் போய்விடுங்கள். முகம் கழுவி அரை மணி நேரம் ஆகியிருக்கட்டும், தேய்த்த சிவப்பு அடங்க வேண்டும். சன்ஸ்க்ரீன் போட்டால் வெள்ளைப் படலம் நிற்கும், வேண்டாம். தோடு, சங்கிலியைக் கழற்றுங்கள், குங்குமத்தையும் அந்த அரை மணிக்கு எடுத்துவிடுங்கள். முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, போட்டிருக்கும் உடையை ஒரு வெள்ளை வேட்டியால் மூடிவிடுங்கள்.

ஒரு துண்டைப் போட்டு மூன்று விநாடி பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, கூட இருப்பவரை அதன் ஜோடியைப் போடச் சொல்லி, மறுபடி திறந்து பாருங்கள். துணியைப் பார்க்கக் கூடாது. துணியைப் பார்த்தால் ‘எனக்குப் பிடித்த கலர்’ என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். முகத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: கண்ணடிக் குழி, வாயோரக் கருமை, மூக்கிலிருந்து இறங்கும் கோடு, தாடை விளிம்பு. ஒத்துவராத நிறத்தில் இந்த நான்கும் தனித்தனியாக எழுந்து தெரியும். ஒத்த நிறத்தில் தோல் ஒரே சீராகி, தாடை விளிம்பு துல்லியமாகும், கண்ணின் வெள்ளை வெளுக்கும். கண் திறந்ததும் முதலில் பட்டது துணி என்றால் அதையும் தள்ளுங்கள். மூன்று நாள், மூன்று தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து இரண்டு அங்குலச் சதுரங்கள் வெட்டி ஒரு அட்டையில் ஸ்டேப்ளர் அடித்துக் கைப்பையில் போட்டால் கடையில் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

உதவிக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டாம், அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. அவர் கண்டது பெரும்பாலும் துவைத்துத் துவைத்து வெளிறிய டார்க் பருத்தியாக இருக்கும். கறுப்பும் நேவியும் மெரூனும் சாயம் போகும்போது வெளிர் நிறமாவதில்லை, சாம்பல் ஏறுகின்றன. அந்தச் சாம்பல்தான் முகத்துக்கு ஆகாது. சாயம் கெட்டியாக நிற்கும் பாட்டில் பச்சையும் அரக்கும் வாடாமல்லியும் கறுத்த தோலில் எப்படி எடுக்கும் என்பதைக் கோயில் வாசலில் நின்றாலே பார்க்கலாம். மாநிறத்துக்கு நிஜமான ஆபத்து டார்க்கில் இல்லை, தோலின் ஆழத்திலேயே வந்து நிற்கும் பிஸ்கட், காக்கி, பால் அதிகமான காப்பி நிறங்களில் இருக்கிறது. முகம் எங்கே முடிகிறது, சட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பிடித்திருந்தால் அதே நிறத்தில் இரண்டு படி ஆழமாகவோ இரண்டு படி வெளிறலாகவோ எடுங்கள்.

வாங்கிவிட்ட மின்ட் குர்தாவைக் கொடுத்துவிட வேண்டாம். முகத்தைக் கெடுப்பது கழுத்திலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்கும் துணிதான். ஒத்த நிறத்தில் ஒரு துப்பட்டாவைக் கழுத்தை ஒட்டிச் சுற்றுங்கள். அல்லது தையல்காரரிடம் கழுத்தைக் கொஞ்சம் இறக்கி அரை அங்குலத்துக்கு வேறு நிறத்தில் பைப்பிங் வைக்கச் சொல்லுங்கள்.

இனி பட்டு. கடையில் பொம்மைக்குக் கட்டியிருப்பதில் உடல் நிறம்தான் கண்ணில் படும். நீங்கள் முந்தானைக்கு மடிப்பெடுத்துப் பின் குத்தும்போது கழுத்தோரம் அடுக்கடுக்காக வந்து நிற்பது கரை. ஆக எம்.எஸ். ப்ளூவில் நீங்கள் சோதிக்க வேண்டியது முக்கியமாக அந்த மாம்பழ மஞ்சளை, வெங்காயச் சருகில் அரக்கை. மஞ்சள் தோற்று நீலம் ஜெயித்தால் அதற்கும் வழியுண்டு. ரவிக்கையை நீலத்திலேயே தைத்து, முந்தானையை ஒற்றையாக விட்டால் கரை ஒரு கோடாக ஓடி முடிந்துவிடும். ஜரிகையையும் பாருங்கள். மாதுளைச் சிவப்பும் பால் வெள்ளையும் உங்களுக்கு ஜெயித்திருந்தால் பளீரென்ற மஞ்சள் ஜரிகை முகத்தோடு சண்டை போடும், மங்கலான ஆன்டிக் ஜரிகையோ வெள்ளி ஜரிகையோ கேளுங்கள்.

என் ஊகத்தைக் கேட்டால், மங்கிய மின்ட் உங்களை வாட்டியதை வைத்துப் பார்க்கும்போது வெங்காயச் சருகும் வாட்டக்கூடும். அதுவும் சாம்பல் கலந்த நிறம், மாநிறத்தின் ஆழத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்பது. அதைக் காப்பாற்ற அரக்குக் கரை ஒன்றுதான் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்பேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் வழங்கும் நிறம்தான், ஆனால் இன்று கடைக்குக் கடை அந்தப் பெயரில் வேறு வேறு நீலம் எடுத்துப் போடுகிறார்கள். பெயரை நம்பாமல் துணியைப் பாருங்கள். அதே நீலத்தை மாலை வரவேற்புக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் நீலம் கறுத்துப் போகும், சிவப்பும் மஞ்சளும்தான் எரியும். அரக்கில் வேறொரு புடவை அந்த நேரத்துக்குப் பொருந்தும்.

நான்கு மணிக்கு முன்னால் போய், இரண்டு புடவையையும் வாசலுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். பட்டுக் கடையில் இது எல்லோரும் கேட்பதுதான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆளுயரக் கண்ணாடி மட்டும் உள்ளேயே நிற்கும், அதனால் பையில் ஒரு கைக்கண்ணாடி இருக்கட்டும்.