ஃபுர்னாஸ் தோட்ட ஓட்டலில் தங்கி நடப்பது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுகளில் சாவ் மிகேல் என்ற பெரிய தீவு. அதன் கிழக்குப் பக்கம் ஃபுர்னாஸ் என்ற ஊர். அங்கே டெர்ரா நோஸ்ட்ரா என்ற பழைய தோட்ட ஓட்டலில் தங்கி நடந்து சுற்றியதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நடைப்பயணம் என்றால் ஊர் ஊராகப் போவதுதானே? ஒரே ஓட்டலில் தங்கினால் சலிக்காதா? (கோவை வாசகர்)

நானும் ஊர் மாறி நடக்கிற ஆள்தான். ஆனால் சாவ் மிகேலில் அது வேண்டியதில்லை. ஃபுர்னாஸ் ஊரே ஒரு எரிமலைப் பள்ளத்துக்குள் இருக்கிறது. ஓட்டல் வாசலை விட்டு இறங்கினால் வெந்நீர் ஊற்று, ஏரி, காடு எல்லாம் நடை தூரத்தில். சில நாள் வாசலிலிருந்தே நடக்கலாம், சில நாள் அரை மணி நேரம் காரில் போய் வேறு பாதையில் ஏறலாம். மாலையில் அதே அறை, அதே வெந்நீர்க் குளம். பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலையே கிடையாது.

"வரலாற்றுச் சிறப்புமிக்க" என்று எல்லா ஓட்டலும்தான் போட்டுக்கொள்கிறது. இது எப்படி? (திருச்சியிலிருந்து ஒருவர்)

சந்தேகம் நியாயம்தான். ஓட்டல் கட்டடம் 1935ல் திறந்தது. அரண்மனை மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அந்தக் கால ஆர்ட் டெக்கோ பாணியில் நேர்கோடுகளாகக் கட்டிய அடக்கமான கட்டடம். நிஜமான பழமை தோட்டத்தில்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் ஹிக்லிங் என்ற பாஸ்டன் வணிகர் இங்கே ஒரு கோடை வீடு கட்டினார். ஊர்க்காரர்கள் அதை யாங்கி ஹால் என்றார்கள். 1848ல் இடம் பிராயா பிரபுக் குடும்பத்துக்குக் கைமாறியது. இப்போது குளத்தைப் பார்த்தபடி நிற்கும் வீடு அவர்கள் கட்டியது.

அன்று தீவில் புழங்கிய காசு ஆரஞ்சுக் காசு. இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆரஞ்சு போனது. மரங்களுக்கு நோய் விழுந்து அந்த வியாபாரம் படுத்த பிறகு வேறு பயிர் தேடினார்கள், தேயிலை வந்தது. 1878ல் சீனக் கரையில் இருக்கும் மக்காவ் நகரிலிருந்து ஆள் வரவழைத்துத் தேயிலை பக்குவம் கற்றார்கள். 1883ல் தொடங்கிய கொர்ரியானா தோட்டம் இன்றும் ஓடுகிறது. நீலகிரி, வால்பாறைக்காரர்களுக்குக் கடலை ஒட்டித் தேயிலைச் சரிவைப் பார்ப்பது விநோதமாக இருக்கும். தோட்டத்தின் நடுவே ஒரு சின்ன வட்டப் பாதையும் உண்டு.

சுற்றுச்சூழலுக்கு உகந்த ஓட்டல் என்பது துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று அட்டை வைப்பதோடு முடிகிறதா? (சூழலியல் படிக்கும் மாணவி, புதுச்சேரி)

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். சாவ் மிகேல் தீவின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நிலத்தடி வெப்பத்திலிருந்து வருகிறது. வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். அசோர்ஸ் தீவுக்கூட்டம் 2019ல் எர்த்செக் என்ற, சூழலைக் கெடுக்காத சுற்றுலாவுக்கான சான்றும் பெற்றது. இதெல்லாம் ஓட்டலின் சாதனை அல்ல, தீவின் கொடுப்பினை. ஆனாலும் அங்கே தங்கும்போது அது நம் கணக்கில் சேர்கிறது. விமானத்தில் அவ்வளவு தூரம் போவதைக் கழித்தால் மிச்சம் என்ன என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக வராது. ஒருமுறை போனால் அவசரமில்லாமல் அதிக நாள் தங்குங்கள் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அடுத்து தோட்டம். பன்னிரண்டரை ஹெக்டேர். 600க்கும் மேற்பட்ட கமேலியா பூச்செடி வகைகள், பெரணிகள், சைக்கஸ் மரங்கள், இரு பக்கமும் கிங்கோ மரங்கள் நிற்கும் ஒரு நடைபாதை. பச்சைப் பசேல் என்று இருப்பதாலேயே இதை இயற்கை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவை வெளியூர்ச் செடிகள். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு உலகமெங்கிலுமிருந்து செடி இறக்கினார்கள். அப்படி அலங்காரத்துக்காக வந்ததுதான் இமயமலைப் பக்கத்து மஞ்சள் பூ இஞ்சிச் செடி, கஹிலி இஞ்சி. இப்போது அது தீவுகள் முழுக்க மலைச்சரிவை மூடிக்கொண்டு உள்ளூர்க் காட்டை முளைக்கவிடாமல் அடிக்கிறது. உலகில் இந்தத் தீவின் கிழக்குக் கோடியில் மட்டுமே வாழும் பிரியோலோ என்ற குருவிக்குத் தீனி தருவது அந்த உள்ளூர்க் காடுதான். அதனால் ஆள் வைத்து இஞ்சியைப் பிடுங்கி உள்ளூர்ச் செடிகளை நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டெர்ரா நோஸ்ட்ராவில் அசோர்ஸின் சொந்தச் செடிகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கமேலியாவை எல்லாரும் படம் பிடிக்கிறார்கள், இந்தப் பகுதியில் கூட்டமே இருக்காது. முதல் நாளே அதைப் பார்த்துவிட்டால், பிறகு மலையில் எது சொந்தச் செடி, எது வந்தேறி என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

எந்த ஓட்டலிலும் அட்டையைப் பார்க்காதீர்கள். கிரீன் கீ போல வெளியார் வந்து சோதிக்கும் சான்று இருக்கிறதா, காய்கறியும் பாலும் எங்கிருந்து வருகிறது, தோட்டத்துக் கழிவு எங்கே போகிறது என்று முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அந்தக் குளத்துத் தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது? இறங்கலாமா? (மதுரை வாசகி)

கண்டிப்பாக இறங்குங்கள் அக்கா. பார்க்கச் சேறு போலத் தெரிவது இரும்புச் சத்து. பால் குறைத்துப் போட்ட இஞ்சி டீ நிறம், இடுப்பளவு இறங்கினாலே கால் தெரியாது. வெப்பம் 35 முதல் 40 டிகிரி. படியில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள். நீர் வந்து விழும் குழாய்ப் பக்கம் சூடு கூடுதல், நடந்து வலித்த தோளை அங்கே காட்டலாம்.

வெளிர் நிற உடை வேண்டவே வேண்டாம், காவி ஏறினால் போகாது. பழைய கறுப்பு நீச்சலுடையும் ஒரு பழைய துண்டும் போதும். வெள்ளி நகையைக் கழற்றி அறையில் வையுங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஓட்டலில் தங்குபவர்களுக்குத் தோட்டமும் குளமும் இலவசம். பகலில் டிக்கெட் வாங்கி வருபவர்கள் கூட்டம் அதிகம். அவர்கள் வருவதற்கு முன்னால் காலையிலோ, போன பிறகு இரவிலோ போங்கள். இங்கே அறைக்குக் கொடுக்கும் காசில் பாதி இதற்குத்தான் என்பேன்.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா? (சிங்கப்பூரிலிருந்து)

போகலாம். தோட்டத்துக்குள் பெரும்பாலும் சமதளம், உட்கார பெஞ்சுகள் உண்டு. ஊருக்குள் வெந்நீர் ஊற்றுகளும் பக்கம். கொதிக்கும் நீரில் சோளக்கதிரை அவித்து விற்பார்கள், அப்பா அம்மாவுக்கு அதுவே பொழுதுபோக்கு. ஏரிக்கரை வரை காரில் போய், அங்கே சமதளத்தில் நடக்கலாம். கற்கள் மழையில் வழுக்கும் என்பதால் ஊன்றுகோல் அவசியம்.

நாங்கள் நன்றாக நடப்பவர்கள். எந்தப் பாதைகள்? (பெங்களூரு நண்பர்கள் குழு)

முதல் நாள் ஏரிச் சுற்று. ஊரிலிருந்து கிளம்பித் திரும்ப ஏறக்குறைய 10 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஏரியின் வடகரையில் மண்ணுக்குள் பானை புதைத்துச் சமைக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு குழி மேலும் மண்ணைக் குவித்து, எந்த உணவகத்துப் பானை என்று பெயர்ப் பலகை குத்தியிருப்பார்கள். நண்பகல் வாக்கில் போனால் ஆட்கள் மண்ணை விலக்கிக் கொக்கி போட்டுப் பானையைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கலாம். தென்கரையில் ஜோசே டோ கான்டோ என்பவர் கட்டிய கோதிக் பாணிச் சிற்றாலயம்.

நடக்கும்போது ஏரி நிறத்தைக் கவனியுங்கள். சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்து உரம் வழிந்து பாசி பிடித்த ஏரி இது. அரசு கரையோர நிலங்களை வாங்கி, மாட்டை வெளியேற்றி, மரம் நட்டு வருகிறது.

அடுத்து ஃபையால் டா டெர்ரா என்ற ஊரிலிருந்து சால்டோ டோ ப்ரேகோ அருவி, இரண்டு மணி நேரம். ஆள் விட்டுப்போன சங்கினோ என்ற சிற்றூர் வழியாகத் திரும்பலாம். லகோவா டோ ஃபோகோ ஏரிக்கு ஏறும் பாதை இன்னும் நீளம், வானம் தெளிவான நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதைகளில் மஞ்சள், சிவப்புக் கோடு இருக்கும், பெருக்கல் குறி கண்டால் அது வழியல்ல. மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அரசின் நடைபாதைத் தளத்தில் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சைவத்துக்கு என்ன வழி? அம்மாவுக்குச் சோறு இல்லாமல் ஆகாது. (சேலம்)

சோற்றுக்குக் கவலை இல்லை, போர்ச்சுகலில் தட்டுக்குத் தட்டு சோறு வைப்பார்கள். ஆனால் இறைச்சிச் சாற்றில் வேகவைத்ததாக இருக்கலாம். அர்ரோஸ் பிராங்கோ என்றால் வெறும் சோறு. சூப்பில் தொத்திறைச்சித் துண்டு போடும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மண்ணுக்குள் பானை புதைத்துச் சமைக்கும் கொசீடோவில் மாடு, பன்றி, கோழி எல்லாம் ஒன்றாக ஆறு மணி நேரம் வேகும். காயை மட்டும் பொறுக்கிச் சாப்பிடலாம் என்பது நடக்காது. சைவமாகச் செய்வார்களா என்று முந்தைய நாளே கேட்க வேண்டும், பானை விடியற்காலையிலேயே குழிக்குள் போய்விடும்.

அதில் போடும் இன்யாமே கிழங்கு வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். ஃபுர்னாஸ் வெந்நீர் ஓடைக் கரைகளில் விளைகிறது. போலோ லேவெடோ என்ற வட்ட ரொட்டி அருமை, முட்டை சேரும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எந்த மாதம்? (பலர்)

மே முதல் செப்டம்பர் வரை. நீல ஹைட்ரேஞ்சா வேலிகள் வேண்டுமானால் ஜூலை. கமேலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச், ஆனால் மழையும் கூடவே வரும். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு பையிலேயே இருக்கட்டும்.

எரிமலைப் பள்ளத்துக்குள் தூங்குவது பயமாக இல்லையா? எனக்கு ஆஸ்துமாவும் உண்டு. (யாழ்ப்பாணத்திலிருந்து)

ஃபுர்னாஸ் கடைசியாக வெடித்தது 1630ல். அணையவில்லை, இடைவிடாமல் கண்காணிக்கிறார்கள். கந்தக வாடை ஊற்றுப் பக்கம் நன்றாகவே அடிக்கும், ஆஸ்துமா இருந்தால் ஆவிக்குள் நிற்க வேண்டாம், இன்ஹேலர் கையில் இருக்கட்டும், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேலியைத் தாண்டாதீர்கள். கரியமில வாயு பள்ளமான இடத்தில் தேங்கும், குனிந்து குழிக்குள் எட்டிப் பார்ப்பது வேண்டாம்.

கார் வேண்டுமா? விசா? (சென்னை)

ஷெங்கன் விசா போதும், லிஸ்பனிலிருந்து சாவ் மிகேலின் விமான நிலையம் இருக்கும் பொன்டா டெல்காடாவுக்கு இரண்டரை மணி நேர விமானம். அங்கிருந்து ஃபுர்னாஸ் காரில் ஒரு மணி நேரத்துக்குள். பஸ் உண்டு, குறைவு. தங்கும் நாள் முழுக்க கார் எடுக்காமல், தூரப் பாதைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் எடுங்கள்.

அந்த ஓட்டலுக்கு அவ்வளவு வாடகை கட்டுப்படியாகாது. வேறு வழி? (தஞ்சாவூர் ஆசிரியர்)

ஊருக்குள் சின்ன விடுதிகளும் வாடகை வீடுகளும் இருக்கின்றன சார். அங்கே தங்கி, ஒரு நாள் மட்டும் டிக்கெட் எடுத்துத் தோட்டத்துக்குப் போங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே நின்றால் குளம் கிட்டத்தட்ட உங்களுடையது. நடைபாதைகளுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. சமையலறை உள்ள வீடாகப் பார்த்தால் மேலே கேட்ட சோற்றுப் பிரச்சினையும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.