இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி: வாசகர் கேள்வி-பதில்

நாலு சிஸ்டம், ஒரு பிரிண்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். ஆடிட்டர் அலுவலகமோ முந்திரி ஃபேக்டரியோ, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் நெட்வொர்க் என்றால் இவ்வளவுதான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அந்தப் பொது ஃபோல்டரைப் பற்றியவை. அதை இசட் போன்ற ஓர் எழுத்தில் டிரைவாகத் தெரியும்படி இணைப்பதைத்தான் 'மேப் செய்வது' என்கிறோம். பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். "ஃபயர்வாலை ஆஃப் பண்ணு, பாஸ்வேர்டை எடுத்துவிடு, எல்லாருக்கும் ஃபுல் கண்ட்ரோல் கொடு, சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சரியாகிவிடும் என்பது பல நேரம் உண்மைதான். ஆனால் அதன் பிறகு அந்த ஃபோல்டரில் இருக்கும் கணக்குக்கும் பில்லுக்கும் காவல் இல்லை.

கேஷ் கவுன்டர் சிஸ்டத்தில் தினமும் காலையில் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது. டபுள் கிளிக் செய்தால் திறந்துவிடுகிறது. ஆனால் பில்லிங் சாஃப்ட்வேர் டேட்டா இல்லை என்கிறது. (ஜவுளிக்கடை, வடசேரி)

அந்த சிஸ்டம் வைஃபையில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். விண்டோஸ் உள்ளே நுழைந்ததும் டிரைவைத் தேடுகிறது. வைஃபை அப்போதுதான் இணைந்துகொண்டிருக்கிறது. கிடைக்காததால் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் கிளிக் செய்யும்போது மறுபடி தேடுகிறது, அதற்குள் வைஃபை வந்துவிட்டது. பில்லிங் சாஃப்ட்வேருக்கு அந்தப் பொறுமை இல்லை. கவுன்டர் சிஸ்டத்துக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுவதே சரியான தீர்வு. முடியாவிட்டால், பில்லிங் சாஃப்ட்வேர் தானாகத் திறப்பதை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்திவிட்டு, முதலில் டிரைவ், அப்புறம் சாஃப்ட்வேர் என்று திறக்கப் பழகுங்கள்.

பகலில் அதே குறி வந்தால் பயப்பட வேண்டாம். 15 நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் விண்டோஸே இணைப்பை விட்டுவிடும், தொட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பகலில் திறக்கவே இல்லை என்றால், டேட்டா இருக்கிற சிஸ்டம் ஸ்லீப்புக்குப் போகிறதா என்று பாருங்கள். அதன் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள்.

இன்னொன்று: சாஃப்ட்வேரை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கிறீர்களா? அப்படித் திறந்தால், நீங்கள் சாதாரணமாக மேப் செய்த டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணமாகத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் இசட் என்ற எழுத்துக்குப் பதிலாக, இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையையே சாஃப்ட்வேருக்குக் கொடுங்கள்.

அலுவலகத்துக்குப் புது லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11 ப்ரோ. பழைய சிஸ்டங்களில் எல்லாம் திறக்கிற நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்த பொது ஹார்ட் டிஸ்க் பெட்டி) இதில் மட்டும் திறக்கவில்லை. பெட்டி போய்விட்டதா, புதிது வாங்க வேண்டுமா? (ஆடிட்டர் அலுவலகம், தக்கலை)

இப்போதைக்கு வாங்காதீர்கள். பெட்டி அப்படியேதான் இருக்கிறது, விண்டோஸ்தான் விதிகளை மாற்றியிருக்கிறது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

விண்டோஸ் சிஸ்டங்கள் ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பு மிகப் பழையது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை வைரஸ் அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் தாவியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 முதல், புதிதாகப் போடும் சிஸ்டங்களில் முதல் பதிப்பு இயல்பாக இருப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கோ அந்த ஒரு பதிப்பு மட்டும்தான் தெரியும். பழைய நாஸ் பெட்டிகளும், ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின்களும் அதே வகைதான்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்தது. ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்ட் இல்லாமல் 'கெஸ்ட்' ஆக நுழைவது இயல்பாகவே தடை. வந்துபோகும் ஒவ்வொரு தகவலும் எஸ்எம்பி சைனிங் என்ற முத்திரையோடு வர வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு இல்லை. உங்கள் பெட்டியில் இத்தனை நாளும் பெயர், பாஸ்வேர்ட் கேட்காமல் திறந்திருந்தால் காரணம் இதுதான்.

பிரவுசரில் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறங்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். எஸ்எம்பி 2 அல்லது 3 இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட் உருவாக்கி, புது லேப்டாப்பில் அதைக் கொடுத்து நுழையுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். பெட்டிக்கு முதல் பதிப்பைத் தவிர எதுவும் தெரியாது என்றால் மட்டும், பழைய சிஸ்டம் வழியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அதை ஓய்வு பெறச் செய்யுங்கள்.

கெஸ்ட் நுழைவைத் திரும்ப அனுமதிக்கும் வழிகள் யூடியூபில் நிறைய உண்டு. அவை வேலையும் செய்யும். ஆனால் உங்கள் அலுவலகத்தில் இருப்பது அடுத்தவர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும். வைஃபை பாஸ்வேர்ட் கேட்டு வாங்குகிற எவருடைய போனுக்கும் அவை திறந்து கிடக்கக் கூடாது.

பக்கத்து சிஸ்டத்தின் ஃபோல்டரைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. தினமும் போடுகிற பின் நம்பரைச் சரியாகக் கொடுத்தும் தவறு என்கிறது. (டிடிபி சென்டர், கருங்கல்)

பின் நம்பர் அந்த ஒரு சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்து நுழைய மட்டும்தான். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர் என்றால் அந்த மெயில் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க்கில் அனுமதிக்காது. ஃபோல்டர் இருக்கிற சிஸ்டத்தில் இதற்கென்றே தனியாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்குங்கள், குழப்பம் தீரும். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தால், கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பழைய பாஸ்வேர்ட் சேமித்து வைத்திருந்தால் நீக்குங்கள்.

40 ஜிபி கல்யாணப் படங்களை எடிட்டிங் சிஸ்டத்திலிருந்து பொது டிரைவுக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகிறது. இன்டர்நெட் பிளானை உயர்த்தினால் வேகம் கிடைக்குமா? (ஸ்டுடியோ, மார்த்தாண்டம்)

கிடைக்காது. கடைக்குள் சிஸ்டத்திலிருந்து சிஸ்டத்துக்குப் போகும் படம் இன்டர்நெட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஒரு மணி நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) இணைப்பில் வினாடிக்குச் சுமார் 11 எம்பிதான் போகும். கணக்குப் போட்டால் 40 ஜிபிக்கு ஒரு மணி நேரம். அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 110 எம்பி வரை போகும், டிஸ்க் ஈடுகொடுத்தால் ஆறேழு நிமிட வேலை.

இரண்டு சிஸ்டத்திலும் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கம் போய் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 100 என்று இருந்தால், நடுவில் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி கிகாபிட்தானா என்று முதலில் பாருங்கள். ஸ்விட்ச் சரி என்றால் கேபிள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நாலு போதும். மீதி நாலில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலும் எந்த அறிவிப்பும் இல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மேசைக்கால் அடியில் நசுங்கின கேபிளை மாற்றியதும் வேகம் திரும்பிய ஸ்டுடியோவை நான் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது முழுச் செம்பு கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது விலை குறைவு, சீக்கிரம் ஒடியும்.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலுவலகம். டிரைவ் திறக்கும், விட்டுப்போகும், கேபிளை ஆட்டினால் திரும்ப வரும். (மீன் வியாபாரம், குளச்சல்)

உப்புக்காற்று. கேபிளைப் பிடுங்கி முனையைப் பாருங்கள், பின்கள் மங்கியோ பச்சை பூத்தோ இருக்கும். பழைய முனையை வெட்டிவிட்டுப் புது ஆர்ஜே 45 கனெக்டர் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். அடிக்கடி இதே தொல்லை என்றால் ஸ்விட்ச்சை ஜன்னலோரத்திலிருந்து உள் அறைக்கு மாற்றுங்கள். காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள்.

மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வைத்தோம். இன்டர்நெட் நன்றாக வருகிறது, ஆனால் கீழே இருக்கும் ஃபோல்டரும் பிரிண்டரும் மாடியில் தெரியவில்லை. (பூ மொத்த வியாபாரம், தோவாளை)

இரண்டு ரவுட்டரும் தனித்தனித் தெரு உருவாக்கிவிட்டன. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் நெட்வொர்க்கில் ஒரு முகவரி உண்டு, அதுதான் ஐபி எண். கீழே அது 192.168.1 என்று தொடங்கும், மாடியில் 192.168.0 என்று தொடங்கும், பாருங்கள். மாடி ரவுட்டரில் ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, கீழேயிருந்து வரும் கேபிளை வான் (இன்டர்நெட்) போர்ட்டிலிருந்து எடுத்து லான் (உள் நெட்வொர்க்) போர்ட் ஒன்றில் செருகுங்கள். ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே நிலைமைதான், அது வேண்டுமென்றே மற்றவற்றை மறைக்கும். கையோடு, ஃபோல்டர் இருக்கிற சிஸ்டத்துக்கும் பிரிண்டருக்கும் கீழ் ரவுட்டரில் ஐபி எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் எண் மாறாது.

பொது ஃபோல்டரில் இருக்கும் எக்செல் ஃபைலை வேறொருவர் திறந்திருக்கிறார் என்று வருகிறது. யாரும் திறக்கவில்லை. (திங்கள்சந்தை)

யாருடைய சிஸ்டமோ ஃபைல் திறந்திருக்கும்போது கரண்ட் போய் அணைந்திருக்கும். ஃபோல்டர் இருக்கிற சிஸ்டத்தில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் எந்தப் பெயரில் திறந்திருக்கிறது என்று தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உண்மையிலேயே யாரும் வேலை செய்யவில்லை என்றால் அங்கேயே மூடலாம். கேட்காமல் மூடினால் அவர் சேமிக்காத வேலை போய்விடும்.

போன மழையில் இடி விழுந்து ஸ்விட்ச் போய்விட்டது, டேட்டா தப்பித்தது. ரவுட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகி எல்லாக் கணக்கையும் அதில் வைத்தால் பாதுகாப்பா? (ரப்பர் வியாபாரம், குலசேகரம்)

இல்லை. மின்னல் கேபிள் வழியாக வந்தால் ரவுட்டரும் டிஸ்க்கும் ஒன்றாகவே போகும். குலசேகரம் பக்கம் பிற்பகல் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். கடைக்கும் குடோனுக்கும் நடுவே வெளியில் தொங்கும் கேபிள் இருந்தால் அதை முதலில் ஃபைபராக மாற்றுங்கள். இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் போதும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. யுபிஎஸ், நல்ல எர்த் இரண்டும் கட்டாயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது நிம்மதியாக இருந்தவர்கள், கணக்கின் ஒரு நகலை வேறு ஊரில் வைத்திருந்தவர்கள்தான்.

மின்னலை விட எனக்குப் பயம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் மேல். ஓர் அலுவலகத்துக்கு ஒருநாள் காலை கூப்பிட்டார்கள். ஒரு சிஸ்டத்தில் யாரோ திறந்த மெயிலிலிருந்து வந்தது, மேப் செய்திருந்த டிரைவ் முழுக்கப் பூட்டிவிட்டது. பேக்கப் டிஸ்க்கும் எப்போதும் செருகியே இருந்தது, அதையும் பூட்டியிருந்தது. ஆறு வருடக் கணக்கு. என்னால் ஒரு ஃபைலைக்கூட மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அவர்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வேலை நடக்கும் டேட்டா ஒன்று. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகல் எடுத்து, முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். கணக்கு ஃபைல்களை மட்டும் கிளவுடிலும் போடலாம், அவை பெரிய அளவு இருக்காது. மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே வேறு டிஸ்க் வாங்கி முழு நகலையும் புதிதாக எடுங்கள்.